என் மகள் அடங்கிப்போன வருஷம்

டிப்ரஷன் என்று டாக்டர் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். மரியாதை இல்லாமல் சிரித்ததல்ல, வாய் தானாகத் திறந்துகொண்டது. என் மகள் பெனிட்டாவுக்கு அப்போது பதினொரு வயது. சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசமாட்டாள். பரீட்சைக் கவலை கிடையாது, அடுத்த வீட்டுக்காரி என்ன சேலை எடுத்தாள் என்ற கவலை கிடையாது. இவளுக்கு மனச்சோர்வு வருமா, வந்தால் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உங்களுக்கும் இருக்கலாம், அதை அப்புறம் பார்ப்போம் என்றார்.

இதை நான் எழுதும்போது பெனி உள் அறையில் கதவை உதைத்துக்கொண்டிருக்கிறாள். கரண்ட் போய்விட்டது, அதில் அவளுக்குக் கோபம். நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அதனால் எழுத்து அங்கங்கே அறுந்துபோனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த உதையின் சத்தத்தைக் கேட்டபடி எழுதுவதில் எனக்கு எத்தனை நிம்மதி என்பது போகப் போகப் புரியும்.

நாங்கள் ஓசூரில், தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு காலனியில் இருக்கிறோம். இவர், அதாவது என் வீட்டுக்காரர் ஆல்பர்ட், லாரிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் கிருஷ்ணகிரி. பக்கத்து வீட்டு நாகம்மாவுக்குச் சொந்த ஊர் கெலமங்கலம், வீட்டில் தெலுங்கு பேசுவாள். வீட்டு ஓனர் கன்னடக்காரர். எங்கள் பெண் மூன்று மொழியிலும் பேசாமல் இருக்கிறாள் என்று இவர் கேலி செய்வார். அந்தக் கேலி எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான், வேறு யாராவது சொன்னால் நான் சும்மா விடமாட்டேன்.

பெனி பேசாத பிள்ளை, ஆனால் சத்தமில்லாத பிள்ளை அல்ல. குதிப்பாள், இரண்டு கைகளையும் தோளுக்குப் பக்கத்தில் வைத்து உதறிக்கொண்டே இருப்பாள். பிடிக்காதது நடந்தால் தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்துவாள். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தேன்கனிக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, கண்டக்டர் குரலில் "கெலமங்கலம், கெலமங்கலம், கெலமங்கலம்" என்று ராகம் போடுவாள். ஆள் ஏற்றுகிறாள் என்று நினைத்து உண்மையாகவே ஏறியவர்கள் உண்டு. என்றைக்காவது ஒரு பஸ் வராமல் போனால் போச்சு, தரையில் படுத்துவிடுவாள். பூக்கடைக்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் எனக்குப் பிள்ளை வளர்க்கப் பாடம் எடுப்பார்கள். என் மணிக்கட்டில் அவள் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

பல பள்ளிகள் கைவிரித்த பிறகு, ஒரு சின்னப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். டீச்சர் நல்ல மனுஷி, அடிக்கமாட்டார், திட்டமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் செய்தார். அது நம் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். கையைக் கட்டு. வாயில் விரலை வை. பெனியின் கை பறக்க ஆரம்பித்தால், பக்கத்தில் வந்து மெதுவாகப் பிடித்து மார்போடு மடக்கிவிடுவார். வீட்டிலும் அதையே செய்யச் சொன்னார். நானும் செய்தேன், இவரும் செய்தார், நாகம்மாகூடச் செய்தாள். சில மாதங்களில் பெனியின் கைகள் பறப்பதை நிறுத்தின. பிறகு குதிப்பது நின்றது. அதற்கப்புறம் கத்தலும் நின்றது.

ஒரு நாள் சாயங்காலம் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சாயங்காலம் என் கைக்கு வந்தது. டீ போட்டு, ஆறுவதற்கு முன் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆராதனை முடியும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்தாள். முன்னெல்லாம் முதல் பாட்டிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று, அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், சாட்சி என்போம். அறுப்பின் பண்டிகை அன்று நான் மைக் முன்னால் போய் நின்றேன். என் பிள்ளையின் கத்தலை ஆண்டவர் அமர்த்தினார், அவளுக்குச் சுகம் கொடுத்தார் என்று சொன்னேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பெனி முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் பேரிகையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் இதே மாதிரி ஒரு பையன். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நான் உபவாசம் இருந்து ஜெபித்ததையும் சொன்னேன், கை கட்டுவதையும் சொன்னேன். அவள் கிளம்புவதற்கு முன், அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, எங்கள் நம்பரையும் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்தவற்றை இப்போது வரிசையாக எழுதினால், ஒரு குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும் என்று தோன்றும். அப்போது வரிசையாகத் தெரியவில்லை. மூன்று இட்லி இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. யாரும் சொல்லாமலே எழுந்து கையைக் கழுவிக்கொள்கிறாளே என்று நினைத்தோம். பள்ளிப் பாவாடைக்கு ஊக்கு போட்டேன், வளர்கிற வயது, உயரமாகிறாள் என்றேன். முதல் ஷிப்டுக்கு இவர் விடியுமுன் எழும்போது, அவள் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருப்பாள். அப்பாவை வழியனுப்ப எழுந்திருக்கிறாள் என்று இவர் கம்பெனியில் பெருமையடித்துக்கொண்டார். வாசற்படியைத் தாண்டத் தூக்கிய காலை இறக்காமல், அப்படியே நின்றுகொண்டிருப்பாள். யோசிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை மதியம் அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கினேன். பாத்திரம் கைநழுவி, கொதிக்கிற ரசம் அவள் பாதத்தில் கொட்டியது. நான் கத்திய கத்தலில் நாகம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பெனி கத்தவில்லை. காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. சிவந்து கொப்பளிக்கிற பாதத்தை ஒரு முறை குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, கொழந்த அழுவவே இல்லியே" என்றாள் நாகம்மா. "ஏங்க்கா அழுவல?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஓசூரில் நாங்கள் போன கிளினிக்கில் இருந்தவர் இளவயசு டாக்டர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார். கட்டும்போதும் அவள் அசையவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வலி தெரியாதாமே என்று நான் கேட்டேன். அவர் என் விரலைப் பிடித்து, பெனியின் மணிக்கட்டில் வைத்தார். அவள் முகம் தூங்குகிற பிள்ளையின் முகமாக இருந்தது. விரலுக்குக் கீழே நாடி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. ஓடிவந்த நாகம்மாவுக்குக்கூட அப்படித் துடித்திருக்காது. என் வாழ்க்கையில் நான் தொட்டுப் பயந்தது அந்த ஒன்றைத்தான்.

"வலி தெரியுதும்மா" என்றார் டாக்டர். "சொல்றதத்தான் நிறுத்திட்டா."

எடை பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு முறை நிற்க வைத்துப் பார்த்தார். பெங்களூருக்குக் கொண்டுபோங்கள், திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் போர்டெல்லாம் கன்னடம். எனக்குக் காய்கறிக்காரனோடு சண்டை போடுகிற அளவுக்குக் கன்னடம் வரும். வியாதியைச் சொல்கிற அளவுக்கு வராது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் ஹாலில், பெயர் கூப்பிடும்போதெல்லாம் பாதிப் பேர் எழுந்து நிற்போம். சுற்றிலும் குழந்தைகள் அழுதுகொண்டும், ஓடிக்கொண்டும், சுவரைத் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, உங்கள் பெண் எவ்வளவு சமத்து என்றாள். அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு மனசு குளிரும். அன்று ரசம் கொட்டிய பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வார்டில் சேர்த்தார்கள். ரத்தம் எடுக்க, இந்த மாதிரிப் பிள்ளை என்று தெரிந்து, பிடித்துக்கொள்ள மூன்று பேர் தயாராக வந்தார்கள். பெனி தானாகவே கையை நீட்டினாள். கேரளத்து சிஸ்டர் ஒருவர் அவள் கன்னத்தைத் தட்டி, நல்ல மோளு, ஒரு சத்தமும் இல்ல என்று கொஞ்சினார். அப்போது உள்ளே வந்த டாக்டரம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர், ஐம்பது வயதிருக்கும், கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். சத்தமில்லை என்று இங்கே யாரும் இவளைப் பாராட்டக் கூடாது என்று சிஸ்டரிடம் அமைதியாகச் சொன்னார்.

எத்தனையோ சோதனைகள். தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ரத்தசோகை பார்த்தார்கள். வெளியே தெரியாத வலிப்பு ஏதாவது இருக்கிறதா என்று, தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்தார்கள். கார்ட்டிசால் என்ற ஒன்றுக்காகக் காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் ரத்தம் எடுத்தார்கள். பில் விஷயத்தை நான் எழுதப்போவதில்லை. அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு வாய் நீளும், படிக்கிறவர்களுக்கும் அவரவர் பில் ஞாபகம் வரும். இவர் தன் பைக்கை விற்றார், அதை என்னிடம் சொல்லவில்லை, பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முடிவுகள் வந்த அன்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். முதலில் கேள்விகள் கேட்டார். இவளுக்கு ரொம்பப் பிடித்தது எது என்றார். பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். எப்போது நிறுத்தினாள் என்றார். பள்ளியில் பழக்கிய பிறகு தானாகவே நிறுத்திவிட்டாள் என்று, அந்தப் பழைய பெருமை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த குரலில் சொன்னேன். கடைசியாகக் கத்தியது எப்போது என்றார். அதையும் சொன்னேன். கடைசியாக எப்போது சிரித்தாள் என்று கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கா என்று நான் யோசித்தேன், இல்லை. அவள் பிறந்தநாளுக்கா, இல்லை. கத்தல் நின்ற மாதம் எனக்குத் தெரிந்திருந்தது, சிரிப்பு நின்ற மாதம் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நின்றிருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனித்துக் கொண்டாடியிருக்கிறோம்.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார், நான் சிரித்தேன்.

பிறகு அவர் விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால், அது தன் அடியில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பிக்குச் சொல்லும். அது ரத்தத்தின் வழியாக, சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகளுக்குச் சொல்லும். அவை கார்ட்டிசாலைச் சுரக்கும். ஓடவும் சண்டை போடவும் உடம்பைத் தயார் செய்யும் சரக்கு அது. நம் எல்லோருக்கும் அது காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும், பயம் போனால் அதுவும் அடங்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு இந்த ஏற்ற இறக்கம் வேறு மாதிரி இருக்கிறது, ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட ஏறுகிறது, ஏறினால் இறங்க நேரமாகிறது, இதைப் பற்றி இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார். பெனிக்குச் சாயங்காலமும் இறங்கவில்லை. ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்து மனச்சோர்வு என்று சொல்லமாட்டேன், ஊசியைப் பார்த்த பயத்துக்கே அது ஏறும் என்றும் சொன்னார். சாப்பாடு, தூக்கம், எடை, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனது, உறைந்து நிற்பது, சிரிக்காதது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றார். பேசுகிற பிள்ளை என்றால் செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று வாயால் சொல்லியிருக்கும், இவள் சாப்பிடாமல் சொல்லியிருக்கிறாள் என்றார்.

"கைய ஒதறுறது, குதிக்கிறது, பஸ் பேரு சொல்றது, அதெல்லாம் இவளோட மருந்தும்மா" என்றார். "பயம் ஏறினா அதத்தான் வச்சு எறக்கிக்குவா. அத நாம எடுத்துட்டோம்."

நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று சொல்லாமல் நாம் என்று சொன்னாரே, அதற்காக அவர் காலைத் தொட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. அதுக்குத்தான் டாக்டர் நான் மைக்கில் நன்றி சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு அது புரிந்திருக்காது. ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்ததை, சுகம் என்று பெயர் வைத்துச் சபையைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். அங்கே எனக்கு அழுகை வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் பட்டாசு வெடித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காதே, அப்படி இருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் இவர் சொன்னார். "பெல்ட்டு நின்னுட்டுன்னு பாத்து மெஷின் நின்னுட்டுன்னு நெனச்சிட்டோம்ட்டி. உள்ள மோட்டார் ஓடிட்டேதான் கெடந்திருக்கு."

அன்று மதியமே ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பேரிகைக் கடைக்கு போன் போட்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டுவரச் சொல்லிக் காத்திருந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, அக்கா, இப்பல்லாம் கொஞ்சம் அடங்குறான் என்று சந்தோஷமாக ஆரம்பித்தாள்.

"அவன் கைய அவுத்து விடு" என்றேன். "இன்னைக்கே. எல்லாம் அப்புறம் சொல்றேன். குதிச்சா குதிக்கட்டும், கத்துனா கத்தட்டும். கைய மட்டும் கட்டாத."

அவள் ஏன் என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, பூத்துக்காரர் தண்ணீர் கொடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் அழுதேன்.

மருந்து ஒரு சின்ன மாத்திரை. அது பிடித்து வேலைசெய்ய வாரக்கணக்காகும், முதல் வாரங்களில் தூக்கம், பரபரப்பு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்றார்கள். அதுவரை அவள் சாப்பிட வேண்டுமே, அதுதான் பெரிய பயமாக இருந்தது. இன்னும் எடை இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார்கள். டியூப்லைட்டை அணைத்து வைத்தார்கள், ஊதா நிறத்தில் மினுக்கி மினுக்கி எரியும் அந்த லைட் அவளை உறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் கை மடங்கினால் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது, கையை உதறினால் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிய, நாங்கள் எங்கள் கையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். நாற்பது வயதில் நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எந்தப் பக்கம் நோயாளி என்று குழம்பியிருப்பார்கள்.

நாகம்மா கேழ்வரகுக் களி கிண்டி, பெங்களூரிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வந்துபோகிற ஒரு பையன் மூலமாக டிபன் கேரியரில் அனுப்புவாள். பெனி அதில் இரண்டு விரல் நுனி அளவு சாப்பிடுவாள். மீதியை நான் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் நாகம்மா கேட்பாளே. இவருடைய நைட் ஷிப்டைக் கூட வேலை செய்பவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். பகல் வேலை முடிந்து இவர் நேராக வந்து, கிரீஸ் வாசனை அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்து, கட்டிலிலிருந்து தள்ளித் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வருவாளா என்று நான் கேட்கமாட்டேன், அவரும் கேட்கமாட்டார். நாங்கள் வேறு எதைப் பேசினாலும் உள்ளே அந்தக் கேள்விதான் ஓடியது. கத்துகிற பெனி போய்விட்டாள், அடங்கிய பெனி என்று ஒருத்தி இல்லவே இல்லை, அப்படியானால் அந்தக் கட்டிலில் இருப்பது யார்?

சில வாரங்கள் போயின. எடை இன்னும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. குழாய் விஷயத்தைத் திங்கட்கிழமை முடிவுசெய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பாஸ்டரும் பெண்கள் ஐக்கியத்துக்காரர்களும் வேன் பிடித்து வந்தார்கள். அத்தனை தூரம் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பிள்ளை எத்தனை அமைதியாக இருக்கிறது பாருங்கள், ஸ்தோத்திரம் என்று ஒருத்தர் சொன்னார். எனக்குச் சொல்ல வாய் வந்தது, அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் சபையில் ஜெபம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில், உரத்த குரலில்தான். அறை அதிர்ந்தது.

பெனியின் கைகள் மார்பில் கட்டியிருந்தன. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நடுங்கின. பிறகு அவிழ்ந்தன. மெதுவாக மேலே போய் இரண்டு காதையும் பொத்தின.

"வேணாம்" என்றாள்.

குரல் துருப்பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் பாஸ்டருக்கும்தான் கேட்டது. அவர் பிதாவே என்று தொடங்கிய வாக்கியத்தின் பாதியில் நின்றார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இருகை கூப்பினேன்.

"சரிம்மா" என்றார் அவளிடம். திரும்பி மற்றவர்களுக்குக் கையைக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராகக் குரல்கள் நின்றன. ஆமென்கூடச் சொல்லாமல், பழங்களை வைத்துவிட்டு அடிமேல் அடிவைத்து வெளியே போனார்கள். அந்த மனுஷனை நான் அதற்கு முன் பிரசங்கத்துக்காக மதித்திருக்கிறேன், அன்று அந்த ஒரு சரிம்மாவுக்காக மதித்தேன்.

அவர்களுடைய வேன் கிளம்புகிற நேரத்தில்தான் இவர் வந்து சேர்ந்தார். வாசலில் பாஸ்டரைப் பார்த்தேன், ஏன் அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறார் என்று கேட்டார். பெனி வேணாம்னு சொன்னா என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எதை வேண்டாம் என்றாள் என்றார். எதுவாக இருந்தால் என்ன, வேணாம் என்று வாயைத் திறந்து சொன்னாள் என்றேன். கத்தலோ மறுப்போ எதுவும் இல்லாத அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் சொல்.

இவர் கிரீஸ் வாசனையை மறந்துபோய்க் கட்டில் பக்கத்தில் முட்டிபோட்டார். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டி, வேணுமா என்று கேட்டார். பெனி பழத்தைப் பார்த்தாள்.

"வேணாம்."

இவர் சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையணையைக் காட்டினார், வேணாம். சீப்பைக் காட்டினார், வேணாம். தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதைப் பிடுங்கித் தரையில் வீசினாள். மூடி தெறித்து வார்டெல்லாம் தண்ணீர். கேரளத்து சிஸ்டர் ஓடிவந்து, நிலைமையைப் பார்த்து, துணியை எடுத்துவரப் போனார். பெனியின் கைகள் தோளுக்குப் பக்கத்தில் லேசாக உதறிக்கொண்டிருந்தன.

இவருக்கு நிறுத்த மனசில்லை. காட்டுவதற்கு அறையில் வேறு ஒன்றும் மிச்சமில்லாமல், என்னைக் காட்டினார்.

"அம்மா வேணுமா?"

அவள் தலையைத் திருப்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வேணாம்."

இவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான், "சரி பெனி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஈரத் தரையைத் தாண்டி வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவள் கூப்பிடும்வரை வராந்தாவில் நின்றேன்.